காலிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம்?

இனிமேல் மனைவியிடம் 'முடியாது' என்று வாயால் சொல்வதே இல்லை என்று டிக் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தார்.

இதைக் கேட்டு அவரை உத்தம புருஷர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சொல்வதில்லை என்றுதான் சபதம். கேட்டதையெல்லாம் செய்து கொடுப்பதாகச் சபதம் இல்லை. பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவர் 'முடியாது' என்று வாய்விட்டுச் சொன்னது மொத்தம் மூன்று தடவை. மூன்று தடவையும் அரை மணி நேரத்துக்குள் 'சரி, முடியும்' என்று திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. வாயைத் திறந்தால்தானே வம்பு? வாயைத் திறக்காமலே 'முடியாது' சொல்ல ஒரு கருவி இருந்தால்?

இருந்தது. அவர் பிழைப்பே அந்தக் கருவிதான்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிடங்கு என்று எங்கெல்லாம் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விவரங்களை அடித்துப் பதிகிறாரோ, அவர் பார்க்கிற திரையைச் செய்து கொடுக்கிற கம்பெனியில் இவருக்கு வேலை. பெயர் அடிக்கிற இடம், தேதி அடிக்கிற இடம் எல்லாம் மற்றவர்கள் செய்வார்கள். டிக் அடிக்கிற சின்னச் சதுரக் கட்டம், அந்தச் செக் பாக்ஸ் மட்டும் இவருடைய ராஜ்யம். நாலு கட்டம் கேட்டால் நாற்பது வைப்பார். ஒரு ஆஸ்பத்திரித் திரையில் 'நோயாளி நேரில் வந்திருக்கிறார்' என்பதற்கு ஒரு கட்டமும், 'வந்தவர் நோயாளிதான்' என்பதற்கு இன்னொரு கட்டமும் வைத்தவர். அதிலிருந்துதான் ஆபீஸில் 'டிக் சார்' என்று பெயர் விழுந்தது. அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார்.

அந்த வாரம் ஆபீஸில் மானேஜரம்மாவோடு ஒரு தகராறு.

"சார், இந்த 'மருந்து ஒத்துக்காது'ங்கிற கட்டத்துல டிக் இல்லேன்னா என்ன அர்த்தம்?"

"அப்படி எதுவும் இல்லேன்னு அர்த்தம் மேடம்."

"நோயாளியைக் கேட்டு, இல்லேன்னு சொன்னாரா? இல்ல, நம்ம ஆள் கேட்கவே மறந்துட்டாரா?"

"காலியா இருந்தா இல்லை. அவ்வளவுதான். கட்டத்துக்கு ரெண்டே நிலை மேடம். டிக் இருக்கும், இல்லாட்டி இருக்காது. நடுவுல தொங்கறதுக்கு அது என்ன திரிசங்கா?"

மானேஜரம்மா திரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஐந்தாவது தடவை. டிக் சாருக்கு வயிறு எரிந்தது. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு திரும்பும்போது அந்த எரிச்சலுக்கு நடுவிலேயே ஒரு ஞானம் பிறந்தது. காலிக் கட்டம் என்றால் 'இல்லை'. யாரும் வாய் திறக்கவில்லை. யார் முகமும் வாடவில்லை. ஆனாலும் 'இல்லை'. அடடா!

வீட்டில் அப்போது பின் அறைக்காக ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

பத்துக்கு எட்டு அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சாய்த்தால் பாதி கட்டிலாகிவிடுகிற ஒரு நாற்காலி. 'ஆபீஸ் வேலை' என்று கதவைச் சாத்திக்கொண்டு அவர் உள்ளே போவார். பத்தாவது நிமிஷம் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். கீபோர்டுக்கு அப்படிச் சத்தம் போட வராது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். உலகத்தில் யாரும் அவரை ஒரு கேள்வியும் கேட்காத ஒரே இடம் அதுதான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

அவர் மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில், முன் மேசையில் வேலை. வருகிறவர்களின் விவரங்களைப் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் பதிகிறவள். இந்த வருஷம் பதிவுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேண்டும், பரீட்சை வைத்து எடுக்கப் போகிறோம் என்று அறிவித்திருந்தார்கள். நாலு மாதத்தில் பரீட்சை. அவள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் படிப்பதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கும். அடுத்த பக்கத்துக்குள் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள்.

"ஏங்க, அந்தப் பின் ரூமை நாலே மாசம் எனக்குக் குடுங்களேன்."

நியாயமான கேள்வி. டிக் சாருக்கு எரிச்சலே அதனால்தான். அநியாயமாகக் கேட்டிருந்தால் மறுப்பது எவ்வளவு சுலபம்! மூன்று வாரமாக "பாக்கலாம்" என்று இழுத்தார். 'பாக்கலாம்' தீர்ந்துபோகிற நிலைமைக்கு வந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. காலையில் கதவைச் சாத்தியவர், சாயங்காலம் வெற்றி வீரராக வெளியே வந்து மனைவியை உள்ளே அழைத்தார்.

"என்னங்க இது?"

"வீட்டு முடிவுத் திரை. இனிமே இந்த வீட்டுல 'நான் சொன்னேனே', 'நீ எப்ப சொன்னே'ங்கிற பேச்சே கிடையாது. யாருக்கு எது வேணும்னாலும் இதுல பதியணும். உனக்கு ஒரு பேரு, எனக்கு ஒரு பேரு, தனித்தனி பாஸ்வேர்டு. கீழ ரெண்டு கட்டம் பாரு. கணவர் சம்மதம், மனைவி சம்மதம். ரெண்டுலயும் டிக் விழுந்தா முடிவு நிறைவேறிடுச்சு. அப்புறம் அதை மாத்தணும்னா ரெண்டு பேரும் மறுபடி சம்மதிக்கணும்."

"கேட்கிறவங்களும் டிக் போடணுமா?"

"அது தானா விழுந்துரும். சம்மதம் இல்லாமலா ஒருத்தர் கேட்பாங்க?"

"நியாயம்தான். டிக் போடாம விட்டா?"

"சம்மதம் இல்லேன்னு அர்த்தம்."

"இன்னும் பாக்கலேன்னு அர்த்தம் இல்லையா?"

டிக் சாருக்குச் சுருக்கென்றது. மானேஜரம்மா வீடு வரைக்கும் வந்துவிட்டாரா?

"இல்ல. காலியா இருந்தா சம்மதம் இல்ல."

"மௌனம் சம்மதம்னு சொல்வாங்களேங்க?"

"அது மனுஷங்களுக்கு. கட்டத்துக்குக் கிடையாது."

"சரிங்க," என்றாள் மனைவி.

ஒரே வார்த்தையில் சரி என்றாளே என்று டிக் சார் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். பதினாறு வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் சரி சொன்னது கல்யாணத்தன்று மட்டும்தான். ஆனால் மனுஷர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டிருந்தார். ஏனென்றால் அந்தத் திரையில் மனைவிக்குச் சொல்லாத ஒரு வேலை செய்திருந்தார். அவர் பெயரில் திறந்து புதிதாக ஒன்றைப் பதிந்தால், மனைவி சம்மதக் கட்டத்திலும் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கும். அது கண்ணில் படாமல் இருக்க, அவர் பெயரில் திறக்கும்போது மட்டும் இரண்டு கட்டத்தையும் திரைக்குக் கீழே வெகுதூரத்தில், மவுஸால் உருட்டிக்கொண்டே போனால்தான் தெரிகிற இடத்தில் தள்ளி வைத்திருந்தார். 'டேட்டா அடிக்கிறவங்க யாரும் திரைக்குக் கீழே என்ன இருக்குன்னு பார்த்ததா சரித்திரமே இல்லை' என்பது அவருடைய தொழில் வேதம்.

முதல் வாரம் தேன் மாதிரி போயிற்று. 'ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முன் கணவரை எழுப்பக் கூடாது.' நிறைவேறியது. 'சனி மாலை கணவர் பக்கத்து வீட்டில் கேரம் ஆடலாம்.' நிறைவேறியது. 'கணவரின் பழைய பனியன்களைக் கேட்காமல் கரித்துணி ஆக்கக் கூடாது.' அதுவும் நிறைவேறியது.

"ஏங்க, பனியனுக்கு நான் எப்ப சம்மதிச்சேன்?"

"டிக் இருக்கே. போட்டிருப்பே. மறந்திருப்பே."

"அப்படியா? இருக்கும். வேலை மும்முரத்துல மறந்திருப்பேன்," என்று சொல்லி அவள் சிரித்தாள்.

அவளும் தன் பெயரில் ஒன்று பதிந்திருந்தாள். 'பின் அறை, நாலு மாதம், மனைவி படிக்க.' மனைவி சம்மதம்: டிக். கணவர் சம்மதம்: காலி. டிக் சார் தினமும் ஒரு தடவை அந்தக் காலிக் கட்டத்தைப் பார்ப்பார். சின்னக் கட்டம். வாயில்லாத கட்டம். அவருக்காக நாளெல்லாம் 'முடியாது, முடியாது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடுவார்.

இரண்டாவது வாரம் தொல்லை ஆரம்பித்தது.

"ஒரு டீ குடேன்."

"பதிஞ்சுட்டீங்களா?"

"டீக்கு எதுக்கு பதிவு?"

"'யாருக்கு எது வேணும்னாலும் இதுல பதியணும்.' நீங்க சொன்னதுதாங்க."

டிக் சார் எழுந்து போய் 'ஒரு டீ' என்று பதிந்துவிட்டு வந்தார்.

"நிறைவேறிடுச்சு. வா, டீ."

"இதோ. ஆனா சர்க்கரை போடறதா வேண்டாமான்னு பதியலையே?"

மறுபடி எழுந்து போனார். திரும்பி வந்தார். சூடாக வேண்டும் என்று பதியவில்லை என்பது அப்புறம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை குளியலறையிலிருந்து "துண்டு!" என்று கத்தினார். "பதிவு!" என்று பதில் வந்தது. சோப்பு நுரையோடு, பழைய லுங்கியைச் சுற்றிக்கொண்டு, வீடெல்லாம் சொட்டச் சொட்ட ஓடிப்போய் ஒற்றை விரலால் 'துண்டு' என்று அடித்தார். புதன்கிழமை செருப்பு தைக்கக் கொடுக்க. வியாழக்கிழமை தலைவலித் தைலம். ஒரு நாளைக்கு இருபது தடவை பின் அறைக்கும் கூடத்துக்கும் நடந்து அவருக்குக் கால் வீங்கிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று அவரை அவரே திட்டிக்கொண்டார். ஆனால் திரையை ரத்து செய்ய மனசு வரவில்லை. ரத்து செய்தால் அந்தக் காலிக் கட்டமும் போய்விடும். அப்புறம் வாயால்தான் 'முடியாது' சொல்ல வேண்டும்.

"ஏங்க, எழுந்து வரும்போது திரையை மூடிட்டு வாங்க. உங்க பேருல அப்படியே திறந்து கிடக்கு," என்றாள் மனைவி ஒரு நாள். "ஆஸ்பத்திரியில நாங்க தண்ணி குடிக்க எழுந்தாக்கூட மூடிட்டுத்தான் எழுந்திருப்போம்."

"ஒரு நாளைக்கு இருபது தடவை பாஸ்வேர்டு போட்டா எனக்கு விரல் தேஞ்சுரும். வீட்டுக்குள்ள எந்தத் திருடன் வரப் போறான்?"

"அதுவும் சரிதான்."

சனிக்கிழமை கேரம் ஆடப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவே அவரை டிரைவிங் மாஸ்டர் என்று கூப்பிடும்.

"என்ன சார், முகமெல்லாம் வாடிக் கிடக்கு?"

"பதிவு மாஸ்டர், பதிவு! துண்டுக்குப் பதிவு, தைலத்துக்குப் பதிவு. நேத்து விக்கல் எடுக்குது, தண்ணின்னு சைகை காட்டறேன். அவ பின் ரூமைக் கை காட்டறா."

"வீட்டுல சண்டை போடறாங்களா?"

"இல்ல."

"அந்த ரூமைக் கேட்டு அழறாங்களா?"

"அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல. சும்மா சிரிக்கிறா."

டிரைவிங் மாஸ்டர் அடிக்கப்போன காயை அப்படியே விட்டுவிட்டார்.

"சிரிக்கிறாங்களா? சார், என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்கள்ல பயந்து அலறறவங்களைப் பத்தி நான் கவலையே படமாட்டேன். சிரிச்சுக்கிட்டே ஓட்டறவங்க பக்கத்துல உக்காரும்போதுதான் பிரேக்குல காலை வெச்சுக்கிட்டே இருப்பேன்."

"என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. உங்க வண்டியில உங்க பக்கம் பிரேக் இருக்கான்னு பாத்துக்கங்க."

டிக் சார் அதை லட்சியம் செய்யவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவிக்கொத்தைக் காணோம்.

"சாவி எங்கே?"

"இது வேணும்கிறதா, கேள்வியா?"

"கேள்விதான்!"

"கேள்விக்கு உங்க திரையில இடமே இல்லையேங்க."

'சாவி வேண்டும்' என்று பதிந்துவிட்டு ஓடி வந்தார். நிறைவேறியது. சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அதை அவள் முன்னாலேயே பார்த்திருந்தாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். திரை வழக்கம்போலத் திறந்தே கிடந்தது.

அன்று ஆபீஸில் மானேஜரம்மா ஆறாவது தடவையாகத் திரையைத் திருப்பி அனுப்பினார். அந்தக் கடுப்போடு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர், கூடத்தில் செருப்பு அலமாரிக்கு எதிரே தன்னுடைய சாய்வு நாற்காலி நிற்பதைப் பார்த்தார். அதன் மேல் அவருடைய தலையணை. தலையணையின் மேல் அவருடைய பனியன்கள், அழகாக மடித்து. பின் அறைக்கு ஓடினார். மேசையில் மனைவியின் புத்தகங்கள். சுவரில் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எழுதிய அட்டவணை. கதவில் இரண்டு தாள் ஒட்டியிருந்தது. மேல் தாளைப் படித்தார்.

'பதிந்தவர்: கணவர். பின் அறையை, கம்ப்யூட்டர் உட்பட, நாலு மாதத்துக்கு என் மனைவிக்கு மனமுவந்து கொடுக்கிறேன். கணவர் சம்மதம்: டிக். மனைவி சம்மதம்: டிக். நிறைவேறிய நேரம்: காலை 8.52.'

"இது என்ன?"

"முடிவுங்க."

"யாரோட முடிவு?"

"உங்க முடிவுதான். பதிந்தவர் கணவர்னு போட்டிருக்கே."

"நான் பதியவே இல்ல!"

"டிக் இருக்கேங்க. போட்டிருப்பீங்க. மறந்திருப்பீங்க."

டிக் சாருக்குக் காது சூடாயிற்று.

"எட்டு அம்பத்திரண்டுக்கு நான் பஸ்ஸுல இருக்கேன்! என் சீட்டுல உக்காந்து, என் பேருல நீதான் அடிச்சிருக்கே! இது மோசடி!"

"அப்படியே வெச்சுக்குவோம். நான் அடிச்சது ஒரே ஒரு வரி. டிக் நான் போடலைங்க. உங்க பேருல திறந்தா ஒரு எழுத்து அடிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு டிக்கும் தயாரா நிக்குது. அதுல மனைவி சம்மதம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதை யாரு போட்டது?"

தன் பெயரில் நடந்தது மோசடி என்று நிரூபிக்க வேண்டுமானால், அவள் பெயரில் தான் செய்துவைத்த மோசடியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆப்பசைத்த குரங்கின் நிலைமைதான்.

"உனக்கு... அது கண்ணுல படற மாதிரியே வெக்கலையே?"

"மவுஸ் பிடிக்கிறவங்களுக்குத்தான் படாது. நாங்க மவுஸைத் தொடவே மாட்டோங்க. நேரம் ஏது? டேப் பட்டனை அடிச்சா அடுத்த கட்டத்துக்குத் தாவும், அதை அடிச்சுக்கிட்டே போவோம். போன வாரம் நீங்க நுரையோட துண்டு பதிஞ்சுட்டுப் போனீங்களே, கீபோர்டெல்லாம் சோப்பு. துடைக்கப் போனேன். பழக்க தோஷம், துடைச்சுட்டு நாலு தடவை டேப் அடிச்சேன். அஞ்சாவது தடவைக்குத் திரை தானா கீழே ஓடிப்போய் அந்தக் கட்டத்துல நின்னுச்சு. என் சார்புல நீங்க எத்தனை தடவை சம்மதிச்சிருக்கீங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது."

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. டிக் சாருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட எரிச்சல் ஒரு பிடி கூடுதலாக இருந்தது. பதினைந்து வருஷமாகத் திரை செய்கிறவர். டேப் பட்டனை மறந்திருக்கிறாரே!

"சரி, போனது போகட்டும். இதை மாத்திரலாம்."

"மாத்தலாமே. ரெண்டு பேரும் மறுபடி சம்மதிக்கணும். நான் சம்மதிக்கலைங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிக் சார் செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய செருப்பு நாற்றம் அடித்தது. ஐந்து நிமிஷம் கழித்து அவர் முகம் மலர்ந்தது. அட, தான் யார்? திரையைச் செய்தவரே தான்தானே! திரைக்குப் பின்னாலே போய், அந்த ஒரு வரியை இருந்த இடம் தெரியாமல் அழித்துவிட்டால்? இரண்டு நிமிஷ வேலை. கீபோர்டு மட்டும் கைக்குக் கிடைத்தால் போதும். எழுந்து போய்க் கதவைத் தட்டினார்.

"என்னங்க?"

"உள்ள வரணும். ரெண்டே நிமிஷம். ஆபீஸ் வேலை."

"கதவுல ரெண்டாவது தாள் இருக்கே, படிக்கலையா?"

படித்தார். 'பதிந்தவர்: கணவர். என் மனைவி படிக்கும்போது நான் உள்ளே வர வேண்டுமானால், முன்கூட்டியே பதிந்து அவள் சம்மதத்தை டிக்காகப் பெற்ற பிறகே வருவேன். நிறைவேறிய நேரம்: காலை 8.54.'

"சரி, பதியறேன். கதவைத் திற."

"பதிஞ்சப்புறம் திறக்கறேன்."

"கம்ப்யூட்டர் உள்ளதானே இருக்கு! உள்ள வராம நான் எப்படிப் பதியறது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. திரையைச் செஞ்சது நீங்க. இப்போதைக்கு என் சம்மதக் கட்டம் காலியா இருக்கு."

உள்ளே புத்தகத்தில் பக்கம் புரளுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, இன்னும் நிக்கிறீங்களா? பரீட்சைக்கும் இதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன், ஒரு சந்தேகம். கட்டம் காலியா இருந்தா என்ன அர்த்தம்?"

டிக் சார் சாத்தின கதவைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு வேறு ஏதாவது பதில் இருந்திருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினார்.

"முடியாதுன்னு அர்த்தம்," என்றார்.

பதினாறு வருஷத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது இது நான்காவது தடவை. அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று, இந்தத் தடவை மட்டும் திருத்தம் எதுவும் வெளியிட வேண்டியிருக்கவில்லை.